தாடையும் பல்வரிசையும்

மனிதனுடைய தலையோட்டில் இருபத்திரண்டு எலும்புகள் உள்ளன. செவியினுள்ளே அமைந்த நுண்ணெலும்புகளை விலக்கிவிட்டுப் பார்த்தால், தலையில் அசையும் எலும்பு ஒன்றே ஒன்றுதான். அதுவே கீழ்த்தாடை. ஏனைய எலும்புகள் தையலிட்டாற்போல ஒன்றோடொன்று இறுகப் பொருந்திக் கிடக்கின்றன. கீழ்த்தாடை மட்டும் இரு செவிகளுக்கும் முன்னால் உள்ள இரண்டு மூட்டுகளில் ஊஞ்சலைப்போலத் தொங்கி, நாள்தோறும் பல்லாயிரம் முறை மேலும் கீழும் சென்று வருகின்றது. நாம் உண்பதும், பேசுவதும், பாடுவதும், கொட்டாவி விடுவதும் அதன் உழைப்பினாலேயே. ஆயினும் அதன் அமைப்பைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது செவ்வையாக இயங்கும் வரையில் எண்ணவேண்டிய தேவையும் எழுவதில்லை.

உணவுக்கு அடுத்தபடியாகத் தாடையும் பல்லும் செய்யும் பெருந்தொண்டு பேச்சேயாகும். இதனை நம் இலக்கண ஆசிரியர்கள் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றே தனியோர் இயல் உண்டு. எழுத்துப் பிறப்பதற்குத் துணையாகும் உறுப்புகளுள் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றை அங்கே ஆசிரியர் எண்ணுகின்றார். பகரமும் மகரமும் இரண்டு இதழ்களும் பொருந்துவதால் பிறக்கின்றன. வகரமோ, மேற்பல்லும் கீழிதழும் இயைவதால் பிறக்கின்றது. இந்த வகரத்தை நேயர்கள் நினைவில் இருத்துமாறு வேண்டுகின்றேன். ஏனெனில், என் வாயில் அந்த வகரம் இருபத்தொன்பது ஆண்டுகள் இலக்கணப்படி பிறக்கவே இல்லை.

நான் வேம்பாரில் பிறந்தவன். தூத்துக்குடி மாவட்டத்தின் வடகோடியில், மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த ஊர் அது. பழைய முத்துக்குளித்துறை ஊர்களுள் ஒன்று. முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இன்று எங்கள் ஊரை வெளியூரார் அறிவது மீனாலும் கருப்பட்டியாலுமே. கடல் ஒரு பக்கமும் பனங்காடு மறுபக்கமுமாக உள்ள ஊரில், கார்த்திகைக்குப் பிறகு பனங்கிழங்கு தோண்டுவார்கள். அவித்த கிழங்கை முன்பற்களால் கடித்து நாரை உரித்து உண்பது எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் இயல்பான செயல். எனக்கு அது இயலாது. என் கீழ்த்தாடை மேல்தாடையைக் காட்டிலும் முன்னே நீண்டிருந்தது. கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களுக்கு ஆறு மில்லிமீட்டர் வெளியே நின்றன. வாயை மூடினால் முன்பற்கள் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. ஆகவே கிழங்கைக் கையால் பிய்த்து, கடைவாய்க்குத் தள்ளித்தான் தின்ன வேண்டும்.

நல்ல பல்லமைப்பு எத்தகையது என்று அறிய, மூடியுள்ள பனையோலைப் பெட்டி ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். மூடி பெட்டியைச் சுற்றிலும் சற்றே வெளிப்புறமாகக் கவிந்திருக்கும். அவ்வாறே மேற்பல் வரிசை கீழ்ப்பல் வரிசையின்மீது கவிந்து அமர வேண்டும். முன்பற்களில் இந்தக் கவிவு இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருப்பது இயல்பு. அமெரிக்க நாட்டுப் பல் மருத்துவர் எட்வர்டு ஆங்கிள் என்பார் 1899-ஆம் ஆண்டில் பல் பொருத்தக் குறைகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். முதற் கடைவாய்ப் பற்கள் செவ்வையாகப் பொருந்தி, ஏனைய பற்கள் மட்டும் கோணியிருப்பது முதல் வகுப்பு. கீழ்ப்பற்கள் உரிய இடத்துக்குப் பின்னே இருப்பது இரண்டாம் வகுப்பு. முன்னே இருப்பது மூன்றாம் வகுப்பு. நூற்றாண்டு கடந்தும் இந்தப் பாகுபாடு வழக்கில் உள்ளது.

ஆனால் இங்கே ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். பல் கோணியிருப்பது வேறு. பல்லைத் தாங்கும் எலும்பே நீண்டோ குறுகியோ இருப்பது வேறு. வேலி கோணியிருந்தால் கம்பை நிமிர்த்தி நட்டுவிடலாம். வேலி நிற்கும் நிலமே சரிந்திருந்தால், கம்பை மட்டும் நிமிர்த்துவதால் பயன் சிறிதே. மருத்துவர்கள் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரே படத்தைக் கொண்டு இந்த வேறுபாட்டை அளந்து காண்கின்றனர். தலையை ஒரு சட்டத்தில் அசையாது நிறுத்தி, எப்போதும் ஒரே தொலைவிலிருந்து படமெடுக்கும் இம்முறையை 1931-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிராட்பென்ட் என்பாரும் ஜெர்மனியில் ஹோப்ராத் என்பாரும் தனித்தனியே வெளியிட்டனர். அப்படத்தில் கோடுகள் வரைந்து, கோணங்களை அளந்து, குறை பல்லிலா எலும்பிலா என்று தீர்மானிக்கின்றனர். எனக்குக் குறை எலும்பில் இருந்தது. மேல்தாடை சற்றுப் பின்தங்கியும், கீழ்த்தாடை மிகுந்து வளர்ந்தும் இருந்தன.

இத்தகைய தாடை எதனால் அமைகின்றது? பெரும்பாலும் மரபுவழியாகவே அமைகின்றது. உலக வரலாற்றில் இதற்குப் புகழ்பெற்ற ஒரு சான்று உண்டு. ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடியினருக்குத் தலைமுறை தலைமுறையாகக் கீழ்த்தாடை நீண்டிருந்தது. ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பை வெலாஸ்குவெஸ் என்னும் பேரோவியர் தீட்டிய படங்களில் அதனை இன்றும் காணலாம். 1580 முதல் 1640 வரை போர்த்துகல் நாடும் இக்குடியினரின் ஆட்சியில் இருந்தது. அந்த அறுபது ஆண்டுகளில் எங்கள் முத்துக்கரையில் போர்த்துகீசியர் செலுத்திய ஆணைகளெல்லாம் இந்த நீண்ட தாடை மன்னர்களின் பெயரால் செலுத்தப்பட்டவையே. அக்குடியின் கடைசி ஸ்பானிய மன்னர் இரண்டாம் சார்லஸ் 1700-ஆம் ஆண்டில் இறந்தார். தம் உணவைச் செவ்வையாக மெல்லவும் அவரால் இயலவில்லை என்பர். அரியணை இருந்தது, அதன்முன் விருந்தும் இருந்தது, அதை மெல்லும் வாய்தான் இல்லை.

அவ்வரச குடியினர் தமக்குள்ளேயே, மாமன் மருமகள் என்ற நெருங்கிய உறவிலும் மணம் செய்து வந்தனர். 2019-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், அக்குடியினர் பதினைவரின் ஓவியங்களை அறுவை மருத்துவர்களிடம் காட்டித் தாடைக் குறையை அளவிடச் செய்தனர். உறவுக்குள் மணம் மிகுந்தவரிடத்தே கீழ்த்தாடை நீட்சியும் மிகுந்து காணப்பட்டது. நெருங்கிய உறவில் மணம் செய்யும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டாதலின், மாணவர்கள் இதனை அறிந்திருத்தல் நன்று. ஆனால் நீண்ட தாடையுடையோர் அனைவரும் அத்தகைய மணத்தில் பிறந்தவர் என்று கொள்ளலாகாது. என் பெற்றோர் உறவினர் அல்லர். என் பாட்டனாருக்கு இதே தாடை இருந்தது, அவ்வளவே.

சிறு வயதிலேயே இதனைத் திருத்தியிருக்கலாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். பற்களின் கோணலைப் பள்ளிப் பருவத்திலேயே கம்பியிட்டுத் திருத்துதல் சாலச் சிறந்தது. மேல்தாடை பின்தங்கிய சிறுவருக்கு, வளரும் பருவத்திலேயே அதனை முன்னிழுக்கும் கருவிகளும் உள்ளன. ஆனால் கீழ்த்தாடையின் மிகைவளர்ச்சியை அறுத்துத் திருத்துவதற்கு வளர்ச்சி நிற்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். முகத்தின் எலும்புகளுள் கடைசியாக வளர்ச்சி நிற்பது கீழ்த்தாடை. பெண்களுக்குப் பதினாறு, பதினேழு வயதளவிலும், ஆண்களுக்குச் சற்றுப் பிந்தியும் அது நிற்கின்றது. அதற்கு முன்பே அறுத்துப் பொருத்தினால், எஞ்சிய வளர்ச்சி மருத்துவரின் உழைப்பை வீணாக்கிவிடும். ஆகவே இந்தச் சிகிச்சை இயல்பிலேயே வளர்ந்தவருக்கு உரியது. நான் தமிழாசிரியராகப் பணியேற்று, என் ஊதியத்தில் சிறிது சேர்த்த பின்னர், இருபத்தேழாம் வயதில் மதுரையில் ஒரு பல் மருத்துவமனையை அடைந்தேன்.

அங்கே இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து என்னைப் பார்த்தனர். ஒருவர் பல்சீரமைப்பு வல்லுநர். மற்றவர் முகத்தாடை அறுவை வல்லுநர். முதலில் கம்பி, பிறகு அறுவை, மீண்டும் கம்பி என்பது அவர்கள் வகுத்த திட்டம். 'கிளிப் போடுதல்' என்று மக்கள் வழங்கும் இந்தக் கம்பிச் சிகிச்சை எவ்வாறு பல்லை நகர்த்துகின்றது என்பதைச் சிறிது விளக்குகின்றேன்.

பல் எலும்பில் ஆணி அறைந்தாற்போலப் பதிந்திருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் கனமுள்ள நார்ப்படலம் ஒன்று உள்ளது. பல் அந்த நார்களால் தொட்டிலைப்போலத் தாங்கப்படுகின்றது. பல்லை ஒரு பக்கமாக மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்தால், அழுத்தம் பெறும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் தோன்றி எலும்பை அரிக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபடுவதால், எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் தோன்றிப் புதிய எலும்பை இடுகின்றன. கடல் ஒரு கரையை அரித்து மற்றொரு கரையில் மணலைக் குவிப்பதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இதனால் பல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்கின்றது. விசையை மிகுதியாகச் செலுத்தினால் விரைந்து நகராது. நார்ப்படலத்தின் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, நகர்ச்சி தாமதமாகும், பல்வேரும் கெடக்கூடும். மெல்லிய விசை, நீண்ட காலம் என்பதே இக்கலையின் விதி.

அந்த மெல்லிய விசையைத் தருவது கம்பி. முற்காலத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் உலோக வளையம் மாட்ட வேண்டியிருந்தது. 1955-ஆம் ஆண்டில் புவோனோகோர் என்னும் அமெரிக்கர், பல்லின் மேற்பூச்சை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் அதன்மீது பசைப்பொருள் உறுதியாகப் பற்றும் என்று காட்டினார். அதன் பயனாக இன்று சிறு உலோகப் பற்றிகளைப் பல்லின்மீதே ஒட்டிவிடுகின்றனர். கம்பிகளில் ஒரு வகை நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகத்தால் ஆனது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் 1959-ஆம் ஆண்டளவில் உருவான இவ்வுலோகம், வளைத்தாலும் தன் பழைய வடிவத்தை நினைவில் வைத்து அதற்கே மீளும் இயல்புடையது. கோணிய பற்களில் கோணலாகவே கட்டப்படும் கம்பி, நேராவதற்கு முயலும்போது பற்களையும் உடன் நேராக்குகின்றது.

பதினாறு மாதங்கள், மாதந்தோறும் பேருந்தில் மதுரை சென்று வந்தேன். இக்காலத்தில் நடந்த ஒன்று கேட்போருக்கு வியப்பாக இருக்கலாம். என் தோற்றம் சீராகவில்லை, முன்னிலும் கெட்டது. நீண்ட கீழ்த்தாடையை உடையவர்களுக்கு, இயற்கையே ஒருவாறு ஈடுசெய்து, கீழ்ப்பற்களை உட்புறமாகவும் மேற்பற்களை வெளிப்புறமாகவும் சாய்த்து வைத்திருக்கும். எலும்பை நகர்த்த வேண்டுமாயின், முதலில் அந்தச் சாய்வை நீக்கி, பற்களை அவ்வவற்றின் எலும்பின்மீது நேராக நிறுத்தல் வேண்டும். அவ்வாறு நிறுத்தவே, ஆறு மில்லிமீட்டராக இருந்த இடைவெளி ஒன்பது ஆயிற்று. சிறு வயதில் எனக்குப் பட்டப்பெயர் சூட்டியவர்கள் மறந்திருந்ததை, வளர்ந்த பின் என் வகுப்பு மாணவர் சிலர் புதிதாகக் கண்டுபிடித்தனர். திட்டத்தின் காரணத்தை அறிந்திருந்ததனால் அதனைப் பொறுத்தல் எனக்கு எளிதாயிற்று. அறியாத ஒருவர் இடையிலேயே சிகிச்சையைக் கைவிட்டிருப்பார்.

இனி அறுவையின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1849-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வீலிங் நகரில் சைமன் ஹல்லிஹென் என்பார், இளமையில் தீப்புண்பட்டுத் தாடை கோணிய ஒரு பெண்ணுக்குக் கீழ்த்தாடையை அறுத்துப் பொருத்தினார். இத்துறையின் முதல் அறுவை என்று அதனைக் குறிப்பிடுவர். 1901-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ரெனே லெபோர் என்பார், மேல்தாடை அடிபடும்போது எந்தக் கோடுகளில் உடைகின்றது என்பதைப் பிணங்களின் தலைகளில் ஆராய்ந்து, மூன்று கோடுகளைக் கண்டறிந்தார். உடைவதைப் பற்றிய அந்த ஆராய்ச்சியே பிற்காலத்தில் அறுப்பதற்கு வழிகாட்டியாயிற்று. இன்று மேல்தாடையை நகர்த்தும் மருத்துவர், அம்மூன்றனுள் முதற் கோட்டின் வழியேதான் எலும்பை அறுக்கின்றார்.

கீழ்த்தாடை அறுவையில் பெரும் மாறுதலைச் செய்தவர், ஆஸ்திரியாவில் பிறந்து சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பணியாற்றிய ஹியூகோ ஓப்வெகேசர். அவருக்கு முன்னிருந்தோர் எலும்பைக் குறுக்கே அறுத்தனர். குறுக்கே அறுத்த எலும்பை நகர்த்தினால், அறுபட்ட முகங்கள் ஒன்றையொன்று தொடும் பரப்புக் குறைந்துவிடும், சேர்வது கடினம். ஓப்வெகேசர் எலும்பை அதன் கனத்தில் நெட்டாகப் பிளந்தார். ஒரு பனஞ்சட்டத்தை நெடுக இரு பலகையாகப் பிளந்து, ஒன்றன்மீது ஒன்றைச் சறுக்கி நகர்த்தினால், எவ்வளவு நகர்த்தினாலும் இரண்டும் அகன்ற பரப்பில் தொட்டுக்கொண்டே இருக்குமல்லவா? அதே முறைதான். மேலும், அவர் முகத்தின் தோலைக் கீறாமல் வாயின் உள்ளிருந்தே இதனைச் செய்தார். ஆதலால் வெளியே தழும்பு இல்லை. தம் ஆசிரியர் டிரௌனருடன் சேர்ந்து 1957-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட கட்டுரை இம்முறையை உலகறியச் செய்தது. அக்காலத்தில் அறுவைக்குப் பின் இரு தாடைகளையும் ஆறு வாரம் கம்பியால் பிணைத்து வாயை மூடி வைப்பர். 1970-களில் சிறு உலோகத் தகடுகளாலும் திருகாணிகளாலும் எலும்பை இணைக்கும் முறை ஐரோப்பாவில் வளர்ந்த பின்னர், அத்துன்பம் பெரிதும் குறைந்தது.

இவ்வளவு முன்னேற்றத்துக்குப் பின்னும் தீராத இடர் ஒன்று உண்டு. கீழ்த்தாடை எலும்பின் உள்ளே ஒரு குழாய் செல்கின்றது. அதன் வழியே, கீழிதழுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு செல்கின்றது. எலும்பை எந்த இடத்தில் பிளக்கின்றார்களோ, அந்த இடத்திலேயே அந்நரம்பு கிடக்கின்றது. திறமை மிக்க கைகளிலும் அது இழுபடக்கூடும், நசுங்கக்கூடும். அறுவைக்குப் பின் கீழிதழ் மரத்துப் போவது பெரும்பாலோருக்கு நேர்வது. பலருக்குச் சில மாதங்களில் உணர்ச்சி மீள்கின்றது. சிலருக்கு ஒரு பகுதி நிலையாகவே மரத்துவிடுகின்றது. வயது ஏற ஏற மீளும் வாய்ப்பும் குறைகின்றது.

அறுவை மருத்துவர் இதனை மறைக்கவில்லை. "தம்பி, நீங்கள் பேசிப் பிழைப்பவர். உங்கள் கீழிதழ் மரத்துப் போனால் அசைவு கெடாது; ஆனால் அது இருப்பது உங்களுக்குத் தெரியாது. அதற்கு உடன்படுவீர்களா என்பதை வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்து, அடுத்த மாதம் சொல்லுங்கள்" என்றார். அந்த ஒரு மாதம் எளிதாகக் கழியவில்லை. என் தாயாருக்கு இதில் உடன்பாடில்லை. "உயிருக்கு ஒன்றுமில்லாதபோது, உள்ள எலும்பை ஏன் அய்யா உடைக்க வேண்டும்? உன் பாட்டனார் இந்தத் தாடையோடுதான் எழுபது வயது வரை கடலுக்குப் போனார்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கோ, கடைவாய்ப் பற்கள் மட்டுமே எல்லா உழைப்பையும் ஏற்று இருபத்தெட்டு வயதிலேயே தேயத் தொடங்கியிருந்தன. தாடை மூட்டும் வலித்தது. வகுப்பில் நாற்பது பேருக்கு முன்னால் வகரத்தின் பிறப்பைச் சொல்லிக்கொடுக்கும் நான், அதனைச் செய்துகாட்ட இயலாதவனாக நின்றேன். இதழின் உணர்ச்சி ஒரு தட்டிலும், இவையெல்லாம் மறு தட்டிலுமாக நிறுத்துப் பார்த்தேன். இறுதியில் உடன்பட்டேன். இதே நிலையில் மற்றொருவர் வேண்டாம் என்று முடிவு செய்தால், அதுவும் அறிவுடைய முடிவாகவே இருக்கும்.

அறுவைக்கு முன்னரே, பிளக்கும் இடத்தில் புதைந்திருந்த ஞானப்பற்களை எடுத்துவிட்டனர். தாடைகளின் மாதிரிகளைக் கணினியில் வைத்து நகர்த்திப் பார்த்து, புதிய நிலையில் இரு பல்வரிசைகளும் பொருந்தி அமரும் மெல்லிய தகடு ஒன்றை முன்கூட்டியே வார்த்து வைத்தனர். மேல்தாடையை ஐந்து மில்லிமீட்டர் முன்னேயும், கீழ்த்தாடையை ஆறு மில்லிமீட்டர் பின்னேயும் நகர்த்துவது என்று முடிவாயிற்று. பதினொரு மில்லிமீட்டரையும் கீழ்த்தாடையிலேயே ஏன் குறைக்கவில்லை என்று கேட்டேன். கீழ்த்தாடையை மிகுதியாகப் பின்தள்ளினால் நாக்கும் உடன் பின்சென்று தொண்டையின் காற்றுவழியைக் குறுக்கும். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படலாம் என்று விளக்கினர். ஒன்பது மில்லிமீட்டர் பிழை நீங்கி, மேற்பல் இரண்டு மில்லிமீட்டர் கவிந்து நிற்கக் கணக்குச் சரியாயிற்று.

அறுவை நாளன்று முழு மயக்கம் கொடுத்தனர். வாயிலேயே அறுவை நடப்பதால், மூச்சுக் குழாயை மூக்கின் வழியே செலுத்துகின்றனர். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் ஹாரல்டு கில்லீஸ் அறுவை செய்தபோது, அவருக்குத் துணைநின்ற மயக்க மருத்துவர் ஐவன் மாகில் முதலியோர் வளர்த்த முறையின் பயன் இது. நான் விழித்தபோது மாலையாகியிருந்தது. முகம் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. வலி நான் அஞ்சிய அளவுக்கு இல்லை. மரத்துப்போன இடத்தில் வலி ஏது? இரண்டாம், மூன்றாம் நாட்களில் வீக்கம் உச்சத்தை அடைந்து, பின் மெல்ல வடியலாயிற்று. எலும்புகளை டைட்டானியத் தகடுகள் இணைத்திருந்தன. உடல் அந்த உலோகத்தை வெறுப்பதில்லை. ஆகவே அவை இன்றும் என் தாடையினுள்ளேயே உள்ளன.

எலும்பு உறுதிப்பட ஏறத்தாழ ஆறு வாரம் மெல்லுதல் ஆகாது. நொய்க்கஞ்சி, கேழ்வரகுக் கூழ், வடிகட்டிய மீன்சாறு என்று நீர் உணவாகவே கழிந்தது. அது கோடைக்காலமாதலின், எங்கள் ஊர்ப் பதநீரும், கரண்டியால் மசித்த நுங்கும் எனக்கு உதவின. அறுவை வேண்டாம் என்று சொன்ன என் தாயாரே நாள்தோறும் நுங்கை மசித்துத் தந்தார். பழைய பேச்சை ஒருநாளும் எடுக்கவில்லை. ஆறு கிலோ எடை குறைந்தது. அதன்பின் இட்லி, குழைந்த சோறு, அவித்த மீன் என்று படிப்படியாக ஏறினேன். கம்பி மேலும் எட்டு மாதம் இருந்து, பற்களின் சிறு பிசகுகளை நீக்கியது. கம்பியை அகற்றிய பிறகும் பற்கள் பழைய இடத்துக்கே திரும்ப முயலும். அதனைத் தடுக்க, இரவில் அணியும் தகடு ஒன்றைத் தந்துள்ளனர். அதனை இன்றளவும் அணிகின்றேன்.

பேச்சு உடனே திருந்திவிடவில்லை. இருபத்தெட்டு ஆண்டு பழகிய நாக்குக்குப் பற்கள் இருந்த இடம் மாறிவிட்டது. தகரம் சொல்ல மேற்பல்லின் அடியைத் தேடிய நாக்கு, அது முன்னே சென்றிருப்பதை அறியாது தடுமாறிற்று. கீழிதழோ மரத்திருந்தது. மேற்பல் அதைத் தொட்டதா இல்லையா என்பதைக் கண்ணாடியில் பார்த்துத்தான் அறிய முடியும். நாள்தோறும் கண்ணாடிமுன் அமர்ந்து உரைநடை நூல் ஒன்றை உரக்கப் படித்தேன். மூன்றாம் மாத இறுதியில் வகரம் இலக்கணப்படி பிறந்தது. வலப்பக்க இதழுக்கு உணர்ச்சி ஆறு மாதத்தில் மீண்டது. இடப்பக்கத்தில் மோவாயின் கீழே, ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் ஓர் இடம் இன்றும் மரத்தே இருக்கின்றது. முகம் மழிக்கும்போது அங்கே கத்தி பட்டாலும் எனக்குத் தெரிவதில்லை. நான் கொடுத்த விலை அது. முன்னரே சொல்லப்பட்ட விலையாதலின், அதைக் குறித்து எனக்கு வருத்தமில்லை.

நம் நாட்டில் பல் மருத்துவக் கல்வி அண்மைக் காலத்தது. இரபியுதீன் அகமது என்னும் பெரியார் 1920-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். பல் மருத்துவர் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. சென்னையில் 1953-ஆம் ஆண்டு மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. அதுவே வளர்ந்து இன்று தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியாக விளங்குகின்றது. முகத்தாடை அறுவை மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம் 1969-இல் அமைந்தது. 2023-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது. ஆகவே பணம் படைத்தவருக்கு மட்டுமே உரிய சிகிச்சை இது என்று எண்ணி, எளியோர் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. கல்லூரி மருத்துவமனைகளில் முறையாகப் பயின்றவர்களின் கண்காணிப்பில் இது நடைபெறுகின்றது. முறையான கல்வியில்லாதார் சிலர் சிற்றூர்களில் கம்பி கட்டுவதாகச் சொல்லிப் பல்லைக் கெடுப்பதும் உண்டு. பட்டத்தையும் பதிவையும் கேட்டறிந்த பின்னரே வாயைத் திறக்க வேண்டும்.

மாணவ நண்பர்களுள் யாருக்கேனும் இத்தகைய தாடை இருக்குமாயின், மூன்று கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள். என் குறை பல்லிலா, எலும்பிலா? என் வளர்ச்சி நின்றுவிட்டதா? சிகிச்சையால் நான் பெறுவது என்ன, இழக்கக் கூடியது என்ன? இவற்றுக்குத் தெளிவான விடை தரும் மருத்துவரிடத்தே நம்பிக்கை வைக்கலாம். அழகுக்காக மட்டும் பிறர் சொல்லிச் செய்துகொள்ளும் அறுவை அன்று இது. மெல்லவும், பேசவும், மூச்சு விடவும் இடையூறு இருந்தால் அதனை நீக்குவது.

அத்தகைய தாடை இல்லாதவர்களுக்கு ஒரு சொல். உங்கள் வகுப்பில் ஒருவன் சோற்றைக் கடைவாயில் தள்ளி மெதுவாக உண்கின்றான், பேசும்போது கையால் வாயை மறைக்கின்றான் என்றால், அவனுக்குப் பெயர் சூட்டுவதற்கு முன், அது இரண்டு எலும்புகள் வெவ்வேறு அளவில் வளர்ந்ததன் விளைவு என்பதை நினையுங்கள். எலும்பைத் திருத்த மருத்துவர்க்கு இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. பத்து வயதில் எனக்குச் சூட்டப்பட்ட பெயரைக் கேட்டால், இன்றும் என் கை தானாகவே மோவாய்க்குச் செல்கின்றது.